டீசல் சரக்குந்தில் வெளியேற்ற வெப்பமானி பொருத்துதல்

டீசல் சரக்குந்தில் வெளியேற்ற வெப்பமானி பொருத்துதல் என்பது, எந்திரத்தின் உருளைகளிலிருந்து வெளியேறும் சூடான வளிமத்தின் வெப்பநிலையை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அறியும் பொருட்டு, வெளியேற்றக் குழாயில் ஒரு வெப்ப மின்னிரட்டை உணரியைச் செருகி, அதன் கம்பிகளை ஓட்டுநர் அறையிலுள்ள காட்டியுடன் இணைக்கும் மாற்றமைப்பு ஆகும். இக்காட்டி பைரோமீட்டர் என்றும் அழைக்கப்படுகிறது. வட அமெரிக்காவில் டீசல் எந்திரம் கொண்ட பிக்கப் வகைச் சிறு சரக்குந்துகளின் உரிமையாளர்கள் தாமே செய்துகொள்ளும் உணரி வேலைகளுள் இது பரவலானது.

இவ்வேலைக்கு ஒரு துளை, ஓர் உணரி, ஒரு காட்டி, சில கம்பிகள் ஆகியவை போதும். ஆயினும் இதன் கம்பிகள் மற்ற மின்கம்பிகளைப் போன்றவை அல்ல. வெப்ப மின்னிரட்டையின் கம்பி, உணரியின் ஒரு பகுதியே ஆகும். அதனைச் சாதாரண செப்புக் கம்பியால் நீட்டினால் காட்டி வேலை செய்வது போலவே தோன்றும். ஆனால் எந்திரம் மிகச் சூடாகும் வேளையில் உண்மையை விடக் குறைந்த வெப்பநிலையைக் காட்டும்.

பின்னணி

விமானங்களின் பிஸ்டன் எந்திரங்களிலும் கனரகச் சரக்குந்துகளிலும் வெளியேற்ற வெப்பமானி நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. சிறு சரக்குந்துகளில் இதற்கான தேவை, டர்போ பொருத்திய டீசல் எந்திரங்கள் அவற்றில் இடம்பெற்ற பின்னர் உருவானது. கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் ஆறு உருளை எந்திரம் 1989-ஆம் ஆண்டு மாதிரி டாட்ஜ் ராம் சரக்குந்தில் அறிமுகமானது. நேவிஸ்டார் நிறுவனம் தயாரித்த 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எந்திரம் 1994 முதல் ஃபோர்டு வண்டிகளிலும், இசுசுவுடன் கூட்டாக உருவாக்கப்பட்ட 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் எந்திரம் 2001-ஆம் ஆண்டு மாதிரி முதல் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளிலும் வந்தன.

இவ்வண்டிகள் அறிமுகமானபோது, அவற்றின் காட்டிப் பலகையில் குளிர்நீர் வெப்பநிலை, எண்ணெய் அழுத்தம், பேட்டரி மின்னழுத்தம் ஆகியவற்றுக்கான காட்டிகள் இருந்தன. வெளியேற்ற வளிமத்தின் வெப்பநிலையைக் காட்ட எதுவும் இல்லை. இவ்வண்டிகளில் பெரிய இழுவண்டிகளைக் கட்டி மலைச்சாலைகளில் செல்வோரும், எந்திரத்தின் எரிபொருள் அளவைக் கூட்டித் திறனை உயர்த்தியோரும் இக்காட்டியைத் தனியே வாங்கிப் பொருத்தத் தொடங்கினர்.

அளப்பதன் தேவை

பெட்ரோல் எந்திரத்தில் காற்றும் எரிபொருளும் ஏறத்தாழ நிலையான விகிதத்தில் கலக்கின்றன. டீசல் எந்திரத்தில் அவ்வாறில்லை. உருளைக்குள் இயன்ற அளவு காற்று செல்கிறது; முடுக்கியை மிதிக்கும்போது எரிபொருளின் அளவே கூடுகிறது. காற்று போதுமான அளவு மிகுந்திருக்கும் வரை எரிதல் கட்டுக்குள் இருக்கும். எரிபொருள் கூடிக் காற்று கூடாதபோது வெளியேற்ற வெப்பநிலை விரைந்து உயரும்.

மலையேற்றத்தில் இந்நிலை எளிதில் ஏற்படுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 70-ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலையிலுள்ள ஐசனோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அதனை நோக்கிய சாலையின் சரிவு சில இடங்களில் 7 விழுக்காடு ஆகும். அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. டர்போ இக்குறையை ஓரளவே ஈடு செய்யும். பாரம் இழுக்கும் வண்டியில் ஓட்டுநர் முடுக்கியை முழுவதும் மிதித்த நிலையில் பல நிமிடங்கள் ஏற வேண்டியிருக்கும்.

பிஸ்டன்கள் அலுமினியக் கலவையால் ஆனவை. தூய அலுமினியம் 660 °செ அளவில் உருகும். பிஸ்டன்களுக்குப் பயன்படும் அலுமினியம்-சிலிக்கான் கலவைகள் அதற்கும் முன்னதாக, ஏறத்தாழ 577 °செ அளவில் உருகத் தொடங்கும். பிஸ்டனின் அடிப்புறத்தில் எண்ணெய் பீய்ச்சப்படுவதாலும், ஒவ்வொரு சுழற்சியிலும் புதிய காற்று உள்ளே வருவதாலும் பிஸ்டன் வளிமத்தின் வெப்பநிலையை எட்டுவதில்லை. ஆனால் மிகையான வெப்பம் நீடித்தால் இப்பாதுகாப்பு போதாது. பிஸ்டனின் மேற்பரப்பு உருகும், அடைப்பிதழ்கள் கெடும், டர்போவின் சுழலி இறக்கைகள் சேதமடையும், பன்வழிக்குழாய் விரிசல் விடும்.

குளிர்நீர்க் காட்டி இதனை உரிய நேரத்தில் உணர்த்தாது. நீரின் வெப்பநிலை உயரப் பல நிமிடங்கள் ஆகும். வெளியேற்ற வளிமத்தின் வெப்பநிலை சில நொடிகளில் மாறும்.

உணரி செயற்படும் விதம்

இரு வேறு உலோகக் கம்பிகளை இரு முனைகளில் இணைத்து, ஒரு சந்தியைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் சுற்றில் மின்னியக்கு விசை தோன்றும். இது சீபெக் விளைவு எனப்படும். தாமசு யோகான் சீபெக் 1821-இல் இதனைக் கண்டறிந்தார். இவ்வாறு இணைந்த இரு கம்பிகளின் தொகுதியே வெப்ப மின்னிரட்டை ஆகும்.

டீசல் வண்டிகளில் பெரும்பாலும் கே வகை வெப்ப மின்னிரட்டை பயன்படுகிறது. இதன் நேர்க் கம்பி குரோமெல் (நிக்கல், குரோமியம் கலவை). எதிர்க் கம்பி அலுமெல் (நிக்கலுடன் சிறிதளவு மாங்கனீசு, அலுமினியம், சிலிக்கான் சேர்ந்தது). ஒவ்வொரு செல்சியசு பாகைக்கும் ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட்டு மின்னியக்கு விசை கிடைக்கும். குளிர்ந்த சந்தி 0 °செ அளவில் இருக்கும்போது பெறப்படும் மதிப்புகள் சில:

* 25 °செ – 1.000 மில்லிவோல்ட்டு
* 100 °செ – 4.096 மில்லிவோல்ட்டு
* 500 °செ – 20.644 மில்லிவோல்ட்டு
* 700 °செ – 29.129 மில்லிவோல்ட்டு
* 1000 °செ – 41.276 மில்லிவோல்ட்டு

வெப்ப மின்னிரட்டை அளப்பது வெப்பநிலையை அன்று. சூடான சந்திக்கும் குளிர்ந்த சந்திக்கும் இடையிலான வேறுபாட்டையே. வண்டியில் குளிர்ந்த சந்தி என்பது காட்டியின் முனையங்கள் ஆகும். எனவே மின்னணுக் காட்டிகள் தம் முனையங்களின் வெப்பநிலையைத் தனியே அளந்து, அதற்குரிய மதிப்பைக் கூட்டிக் காட்டுகின்றன. இது குளிர்சந்தி ஈடுசெய்தல் எனப்படும்.

காட்டிகள் இரு வகைப்படும். முதல் வகைக்கு வெளி மின்சாரம் தேவையில்லை. உணரி தரும் சிறு மின்னோட்டமே முள்ளை நகர்த்தும். இவ்வகையில் கம்பியின் மின்தடையும் அளவீட்டில் பங்கு கொள்வதால், உடன் வரும் கம்பியை வெட்டிக் குறைக்கவோ நீட்டவோ கூடாது. மிகுந்திருக்கும் கம்பியைச் சுருட்டிக் கட்டி வைக்க வேண்டும். இரண்டாம் வகை 12 வோல்ட்டு மின்சாரத்தில் இயங்கும் மின்னணுக் காட்டி ஆகும்.

உணரிக்குரிய இடம்

உணரியை டர்போவுக்கு முன்னால் பன்வழிக்குழாயிலோ, டர்போவுக்குப் பின்னால் குழாயிலோ பொருத்தலாம்.

டர்போவுக்கு முன்: உருளையிலிருந்து வரும் வளிமத்தை நேரடியாக அளக்கும். பிஸ்டனையும் சுழலியையும் காப்பதற்கு இவ்விடமே ஏற்றது. உணரியின் முனை ஒடிந்தால் அது சுழலிக்குள் விழும் என்பது இதன் குறை. நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் இறக்கைகளைச் சிறு துண்டும் சிதைக்கக்கூடும். ஆகவே தரமான உறையுள்ள உணரி வேண்டும்.

டர்போவுக்குப் பின்: துளையிடுவது எளிது, ஒடிந்த துண்டு வெளியே போய்விடும். ஆனால் சுழலி வளிமத்திலிருந்து ஆற்றலை எடுத்துக்கொள்வதால் வெப்பநிலை குறைந்தே காணப்படும். இக்குறைவு சுமையைப் பொறுத்து மாறும். எனவே காட்டும் மதிப்புடன் ஒரு நிலையான எண்ணைக் கூட்டி உருளையின் நிலையைக் கணக்கிட இயலாது.

எந்திரத்தின் அமைப்பும் கருதத்தக்கது. 5.9 லிட்டர் கம்மின்ஸ் எந்திரத்தின் பன்வழிக்குழாயில் முன் மூன்று உருளைகளின் வளிமமும் பின் மூன்று உருளைகளின் வளிமமும் டர்போ வரை தனித்தனி வழிகளில் செல்கின்றன. ஒரு வழியில் பொருத்திய உணரி மற்ற வழியை அறியாது. 7.3 லிட்டர் ஃபோர்டு எந்திரத்தில் உருளைகள் நான்கு நான்காக இரு வரிசைகளில் உள்ளதால், ஒரு பக்கப் பன்வழிக்குழாயிலுள்ள உணரி நான்கு உருளைகளை மட்டுமே காணும்.

தேவையானவை

* கே வகை வெப்ப மின்னிரட்டை, துருவேறா உருக்கு அல்லது நிக்கல் கலவை உறையுடன்
* உணரியைப் பிடிக்கும் மரையுள்ள பொருத்தி
* காட்டியும் அதனைத் தாங்கும் கிண்ணமும்
* கே வகை நீட்டிப்புக் கம்பி
* துளையிடும் கருவி, பல அளவுத் துளைமுனைகள், மரை வெட்டும் டேப்
* மசகுக் களிம்பு, காந்தம், தூசி உறிஞ்சி
* உயர் வெப்பம் தாங்கும் கண்ணாடியிழை உறை, ரப்பர் வளையம், கட்டுப்பட்டைகள்
* சிற்றளவு ஃபியூசும் அதன் தாங்கியும்
* கண்ணாடி, கையுறை

பொருத்தியின் மரை அமெரிக்கக் கூம்புக் குழாய் மரையாக இருப்பது வழக்கம். 1/8 அங்குல மரைக்கு 11/32 அங்குலத் துளையும் (ஏறத்தாழ 8.7 மி.மீ), 1/4 அங்குல மரைக்கு 7/16 அங்குலத் துளையும் (ஏறத்தாழ 11.1 மி.மீ) இட வேண்டும். மரையின் பெயரளவும் துளையின் அளவும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்க வேண்டும்.

பொருத்தும் முறை

துளையிடுதல்

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, எந்திரம் முழுவதும் ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.
2. பேட்டரியின் எதிர் முனையைக் கழற்ற வேண்டும். இவ்வகை டீசல் வண்டிகளில் இரு 12 வோல்ட்டு பேட்டரிகள் பக்க இணைப்பில் உள்ளன. ஒன்றை மட்டும் கழற்றினால் மின்சுற்றில் மின்சாரம் தொடர்ந்து இருக்கும். ஆதலால் இரண்டின் எதிர் முனைகளையும் கழற்ற வேண்டும்.
3. கருவிக்கும் உணரிக்கும் இடமுள்ளதா என்று பார்த்து, பன்வழிக்குழாயில் துளைக்கும் இடத்தை மையக் குறியால் அடையாளமிட வேண்டும்.
4. முதலில் சிறு துளையும், பின்னர் படிப்படியாகப் பெரிய துளையும் இட வேண்டும். பன்வழிக்குழாய் வார்ப்பிரும்பால் ஆனது. மிகுந்த விசையுடன் அழுத்தினால் துளைமுனை ஒடியும்.
5. துளைமுனையிலும் டேப்பிலும் மசகுக் களிம்பைத் தடவ வேண்டும். வார்ப்பிரும்புத் துகள்கள் களிம்பில் ஒட்டிக்கொள்ளும். அடிக்கடி வெளியே எடுத்துத் துடைத்து, மீண்டும் களிம்பிட்டுத் தொடர வேண்டும்.
6. டேப்பைச் சிறிது சிறிதாகத் திருப்பி, இடையிடையே பின்னோக்கிச் சுழற்றி மரை வெட்ட வேண்டும். கூம்பு மரை ஆதலால் மிகையாக வெட்டினால் பொருத்தி இறுகாது.
7. காந்தத்தாலும் தூசி உறிஞ்சியாலும் உள்ளிருக்கும் துகள்களை அகற்ற வேண்டும்.

உள்ளே விழும் துகள் சுழலியைத் தாக்கக்கூடும் என்பதால், பன்வழிக்குழாயையோ டர்போவையோ கழற்றி வெளியே வைத்துத் துளையிடுவதே மிகவும் பாதுகாப்பான வழி. வண்டியில் வைத்தே துளைப்போர் மேற்கூறிய களிம்பு முறையைப் பின்பற்றுகின்றனர். அலுமினியத் துகள்களைக் காந்தம் ஈர்க்காது. வார்ப்பிரும்புத் துகள்களை ஈர்க்கும். அதனால் பன்வழிக்குழாயில் இம்முறை பயன் தருகிறது.

பொருத்தியின் மரையில் உயர் வெப்பம் தாங்கும், நிக்கல் கலந்த ஒட்டுத்தடுப்புக் களிம்பைப் பூச வேண்டும். குழாய் வேலைகளில் பயன்படும் வெள்ளை நாடா இவ்வெப்பத்தைத் தாங்காது. உணரியின் முனை வளிம ஓட்டத்தின் நடுப்பகுதியில் அமைய வேண்டும்; சுவரைத் தொட்டால் உலோகத்தின் வெப்பநிலையையே காட்டும்.

கம்பிகளைக் கொண்டு செல்லுதல்

எந்திர அறைக்கும் ஓட்டுநர் அறைக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரில் ஏற்கனவே உள்ள கம்பி வழியைப் பயன்படுத்துவது நல்லது. புதிய துளையிட்டால் அதில் ரப்பர் வளையம் இட வேண்டும். தகட்டின் விளிம்பு காலப்போக்கில் கம்பியின் காப்பை அறுத்துவிடும். கம்பி பன்வழிக்குழாய், டர்போ, திசைமாற்றித் தண்டு, மிதிகள் ஆகியவற்றிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். மின்னாக்கியின் கம்பி, காற்றுச் சூடேற்றியின் கம்பி போன்ற மிகுந்த மின்னோட்டம் பாயும் கம்பிகளுடன் சேர்த்துக் கட்டக் கூடாது. சில மில்லிவோல்ட்டு அளவுள்ள சைகையில் அவற்றின் குறுக்கீடு புகும்.

காட்டியின் மின்னிணைப்பு

மின்னணுக் காட்டிக்குப் பொதுவாக மூன்று இணைப்புகள் தேவை.

* சாவியைத் திருப்பியபின் மட்டும் மின்சாரம் வரும் 12 வோல்ட்டு இணைப்பு. இதனைத் தனி ஃபியூஸ் வழியே எடுக்க வேண்டும். நிலையான மின்சாரத்தில் இணைத்தால் வண்டி நிற்கும்போதும் பேட்டரி செலவாகும்.
* புவி இணைப்பு. வண்ணப்பூச்சு நீக்கிய தூய உலோகத்தில் இறுகப் பிணைக்க வேண்டும்.
* விளக்கு இணைப்பு. காட்டிப் பலகையின் விளக்குச் சுற்றுடன் சேர்த்தால் இரவில் ஒளி அளவை ஒன்றாகக் கூட்டிக் குறைக்கலாம்.

கம்பி நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடும். உடன் வரும் குறிப்பையே பின்பற்ற வேண்டும்.

நீட்டிப்புக் கம்பியும் அளவீட்டுப் பிழையும்

உணரியின் கம்பி காட்டி வரை எட்டாதபோது, கையிலுள்ள செப்புக் கம்பியால் நீட்டுவது வழக்கமாக நிகழும் தவறு. விளக்குக்கோ ஒலிப்பானுக்கோ இவ்வாறு நீட்டலாம். வெப்ப மின்னிரட்டைக்கு ஆகாது.

செப்புக் கம்பி தொடங்கும் இடத்தில் வெப்ப மின்னிரட்டை முடிந்துவிடுகிறது. அவ்விடமே புதிய குளிர்ந்த சந்தி ஆகிறது. காட்டியோ தன் முனையங்களே குளிர்ந்த சந்தி என்று கொண்டு, ஓட்டுநர் அறையின் வெப்பநிலையைக் கூட்டுகிறது. இணைப்பு இருப்பதோ சூடான எந்திர அறையில்.

எடுத்துக்காட்டாக, வளிமத்தின் உண்மை வெப்பநிலை 700 °செ என்றும், எந்திர அறையில் செப்புக் கம்பி இணைந்த இடம் 90 °செ என்றும், ஓட்டுநர் அறை 25 °செ என்றும் கொள்வோம்.

* 700 °செ அளவுக்குரியது 29.129 மில்லிவோல்ட்டு.
* 90 °செ அளவுக்குரியது 3.682 மில்லிவோல்ட்டு.
* காட்டியை அடைவது இவற்றின் வேறுபாடாகிய 25.447 மில்லிவோல்ட்டு.
* காட்டி 25 °செ அளவுக்குரிய 1.000 மில்லிவோல்ட்டைக் கூட்டுகிறது, மொத்தம் 26.447 மில்லிவோல்ட்டு.
* இதற்குரிய வெப்பநிலை ஏறத்தாழ 636 °செ.

அதாவது காட்டி உண்மையை விட ஏறத்தாழ 64 °செ (115 பாரன்ஹீட் பாகை) குறைத்துக் காட்டுகிறது. எந்திரம் எல்லையைக் கடந்திருக்கும்போது ஓட்டுநர் தம்மிடம் இன்னும் இடைவெளி இருப்பதாக நம்புவார்.

இப்பிழை பட்டறையில் தெரியாது என்பதே இதன் தீங்கு. எந்திரம் ஆறியிருக்கும்போது எந்திர அறையும் ஓட்டுநர் அறையும் ஒரே வெப்பநிலையில் இருக்கும். அப்போது செப்புக் கம்பி எப்பிழையும் தராது. உணரியை நெருப்பில் காட்டினால் முள் சரியாகவே நகரும். பாரத்துடன் மலையேறி எந்திர அறை சூடான பின்னரே பிழை வளர்கிறது. காட்டி மிகவும் தேவைப்படும் நேரமும் அதுவே.

எனவே உணரி முதல் காட்டி வரை கே வகைக் கம்பியையே பயன்படுத்த வேண்டும். இணைப்பிடங்களில் பித்தளை அல்லது செப்பு முனையம் வருவதால் தீங்கில்லை. இடையில் புகும் உலோகத்தின் இரு பக்கங்களும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் மின்னியக்கு விசை மாறாது. ஆகவே இரு கம்பிகளின் இணைப்புகளையும் அருகருகே, வெப்பமூலத்திலிருந்து விலக்கி, உறையிட்டு வைக்க வேண்டும்.

நிறக் குறியீடுகள்

சிவப்பு நேர், கறுப்பு எதிர் என்னும் வாகன மின்னியல் வழக்கம் இங்குப் பொருந்தாது. அமெரிக்கத் தரத்தில் வெப்ப மின்னிரட்டையின் சிவப்புக் கம்பி எதிர் முனை ஆகும். கே வகைக்கான குறியீடுகள்:

* அமெரிக்கத் தரம் – நேர்: மஞ்சள், எதிர்: சிவப்பு
* பன்னாட்டுத் தரம் – நேர்: பச்சை; எதிர்: வெள்ளை
* பழைய பிரித்தானியத் தரம் – நேர்: பழுப்பு, எதிர்: நீலம்
* பழைய செருமானியத் தரம் – நேர்: சிவப்பு, எதிர்: பச்சை

நிறம் அழிந்த கம்பியைக் காந்தத்தால் அறியலாம். அலுமெல் காந்தத்தால் ஈர்க்கப்படும்; குரோமெல் ஈர்க்கப்படாது. ஈர்க்கப்படுவது எதிர்க் கம்பி.

காட்டியில் மட்டும் முனைகள் மாறினால் எந்திரம் சூடாகும்போது முள் கீழே இறங்கும். தவறு உடனே தெரியும். நீட்டிப்புக் கம்பி இரு முனைகளிலும் மாறியிருந்தால் முள் சரியான திசையிலேயே நகரும். ஆனால் பிழை செப்புக் கம்பியால் வருவதைப் போல் இரு மடங்கு ஆகும்.

சோதித்தல்

பன்வழிக்குழாயில் செருகும் முன்பே உணரியைக் காட்டியுடன் இணைத்துச் சோதிக்கலாம். கடல் மட்ட அளவிலுள்ள ஊர்களில் கொதிநீர் 100 °செ வெப்பநிலையில் இருக்கும். காட்டியின் அளவுகோல் அதற்கு மேலிருந்து தொடங்கினால் சிறு சுடரைப் பயன்படுத்தி முள் உயர்வதைப் பார்க்க வேண்டும். அத்துடன், உணரி கொதிநீரில் இருக்கும்போதே நீட்டிப்புக் கம்பியின் இணைப்பிடத்தை வெந்நீர்ப் பையால் சூடாக்கிப் பார்ப்பது பயனுள்ள சோதனை. இரு இணைப்புகளும் ஒன்றாகச் சூடாகும்போது அளவீடு மாறாமல் இருந்தால் கம்பி சரியானது. அளவீடு குறைந்தால் இடையில் வேறு உலோகக் கம்பி உள்ளது என்றோ, முனைகள் மாறியுள்ளன என்றோ பொருள்.

பொருத்திய பின்னர் எந்திரத்தை இயக்கினால், வெறுமனே ஓடும் நிலையில் ஏறத்தாழ 150 முதல் 200 °செ (300 முதல் 400 பாரன்ஹீட்) வரை காட்டும். பொருத்தியைச் சுற்றிப் புகைக் கசிவு உள்ளதா என்று பார்க்க வேண்டும். சில முறை சூடாகி ஆறிய பின் பொருத்தியை மீண்டும் இறுக்குவது வழக்கம்.

அளவீட்டைப் பயன்படுத்துதல்

டர்போவுக்கு முன் அளக்கப்படும் வெப்பநிலைக்கு 1,250 முதல் 1,300 பாரன்ஹீட் (ஏறத்தாழ 677 முதல் 704 °செ) வரை தொடர் ஓட்ட எல்லையாகப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இது எந்திரத்துக்கு எந்திரம் மாறுபடும். சில நொடிகள் மட்டும் இதனைத் தாண்டுவதும் பல நிமிடங்கள் தாண்டி நிற்பதும் ஒன்றல்ல.

முள் எல்லையை நெருங்கினால் முடுக்கியைத் தளர்த்த வேண்டும். மலையேற்றத்தில் கீழ்ப் பல்லிணைக்கு மாறுவதும் பயன் தரும். எந்திரத்தின் சுற்று வேகம் கூடும்போது டர்போ மிகுதியான காற்றைத் தரும். அதே திறனை ஒவ்வோர் எரிதலிலும் குறைந்த எரிபொருளால் பெற முடியும்.

நீண்ட ஓட்டத்துக்குப் பின் எந்திரத்தை உடனே அணைத்தால் டர்போவின் தாங்கியில் எண்ணெய் ஓட்டம் நின்று, தேங்கிய எண்ணெய் கரிந்து படியும். வெளியேற்ற வெப்பநிலை ஏறத்தாழ 300 பாரன்ஹீட் (150 °செ) அளவுக்கு இறங்கிய பின் அணைப்பது நலம்.

வழக்கத்தை விட மிகுந்த அளவீடு வேறு பழுதுகளையும் சுட்டலாம். அடைபட்ட காற்று வடிகட்டி, டர்போவுக்கும் எந்திரத்துக்கும் இடையிலுள்ள குழாயில் காற்றுக் கசிவு, தாமதமான எரிபொருள் பீய்ச்சல், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஆகியவை அவற்றுட் சில.

வழுக்களும் காரணங்களும்

* முள் அசையவில்லை – கம்பி அறுந்திருக்கலாம் அல்லது முனையம் தளர்ந்திருக்கலாம்.
* முள் கீழே இறங்குகிறது – நேர், எதிர் முனைகள் மாறியுள்ளன.
* எந்திரம் சூடான பின் அளவீடு வழக்கத்தை விடக் குறைகிறது – இடையில் செப்புக் கம்பி உள்ளது அல்லது நீட்டிப்புக் கம்பியின் முனைகள் மாறியுள்ளன.
* அளவீடு எப்போதும் 100 °செ அளவிலேயே நிற்கிறது – இரு கம்பிகளின் காப்பும் தேய்ந்து ஒன்றையொன்று தொடுகின்றன. தொடும் இடம் புதிய சந்தியாகி அவ்விடத்தின் வெப்பநிலையையே காட்டும்.
* முகப்பு விளக்கை ஏற்றினால் முள் மாறுகிறது – புவி இணைப்பு சரியில்லை.
* முள் நடுங்குகிறது – கம்பி வண்டியின் உலோகத்தில் உரசுகிறது அல்லது அருகிலுள்ள கம்பியின் குறுக்கீடு உள்ளது.

சட்ட நிலை

அமெரிக்காவில் 1970-இல் விரிவாக இயற்றப்பட்டு 1977, 1990 ஆண்டுகளில் திருத்தப்பட்ட தூய காற்றுச் சட்டம், வாகனத்தின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளைச் செயலிழக்கச் செய்வதைத் தடை செய்கிறது. வெளியேற்ற வெப்பமானி எந்திரத்தின் இயக்கத்தை மாற்றுவதில்லை. அது அளந்து காட்டுவதோடு சரி.

இதனின்று வேறுபட்டது, ஏற்கனவே உள்ள உணரியின் கம்பியில் மின்தடையைச் சேர்க்கும் மாற்றம். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் உணரி, சூடேறும்போது மின்தடை குறையும் வெப்பத்தடையம் ஆகும். அதன் சுற்றில் தடையத்தைத் தொடராகச் சேர்த்தால், காற்று உண்மையில் உள்ளதை விடக் குளிராக இருப்பதாக எந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி கருதி, எரிபொருள் அளவையோ நேரத்தையோ மாற்றும். முன்னது ஓட்டுநருக்கு உண்மையைத் தெரிவிக்கும் மாற்றம். பின்னது கணினிக்குப் பொய்யைத் தெரிவிக்கும் மாற்றம். மாசுக் கட்டுப்பாட்டைக் குலைக்கும் இத்தகைய மாற்றங்கள் சட்டத்துக்குப் புறம்பானவையாகலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் நீக்கப்பட்டிருந்தன.

பிற்கால வாகனங்கள்

2007-ஆம் ஆண்டளவில் அமெரிக்க டீசல் பிக்கப் வண்டிகளில் புகைத்துகள் வடிகட்டி இடம்பெற்றது. வடிகட்டியில் படியும் கரியை எரித்து நீக்குவதைக் கட்டுப்படுத்த வெளியேற்ற வெப்பநிலை உணரிகள் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டன. இவற்றின் அளவீட்டைப் பழுதறியும் துளையில் செருகும் கருவி மூலம் படிக்கலாம். ஆயினும் வடிகட்டியை ஒட்டி அமைந்த உணரிகள் டர்போவுக்குப் பின்னே உள்ளவை. பிஸ்டனைக் காக்கும் நோக்கில் அவற்றின் அளவீட்டைப் படிக்கும்போது இவ்வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* டீசல் எந்திரம்
* வெப்ப மின்னிரட்டை
* சீபெக் விளைவு
* டர்போசார்ஜர்
* வெப்பத்தடையம்